கடலுக்கு முதுகைக் காட்டி

அந்த நர்ஸ் பெண் என் தலைமாட்டில் இருந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து பார்த்தாள். உள்ளே மணல்.

மூடினாள். மறுபடியும் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காலில் பிளேட் வைத்த பொம்பளைக்குத் தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று கேஸ் ஷீட்டை ஒருதடவை புரட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற பக்கம் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கால் இப்போது எப்படி இருக்கிறது என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். கால் நன்றாக இருக்கிறது, மாடிப்படி ஏறுகிறேன். ஆனால் இந்த வாரக் கதை காலைப் பற்றியதல்ல, அந்த மணலைப் பற்றியது.

தொழுவதற்கு முன்னால் நாங்கள் முகம், கை, கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். ஒரு கையில் டிரிப், காலில் மாவுக்கட்டு என்று கிடக்கிறவளுக்கு அது முடியாது. தண்ணீர் ஆகாத நோயாளி சுத்தமான மண்ணில் உள்ளங்கைகளைத் தட்டி, முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டால் போதும். அதற்காக என் வீட்டுக்காரர் வீராம்பட்டினம் வரைக்கும் போய் அள்ளிக்கொண்டு வந்த மணல் அது. டவுன் பீச்சில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். ஊரே சுண்டல் தின்று கை துடைக்கிற மணல் அது என்றார்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் பேர் சிந்து. வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டு, டப்பாவை என் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “கடல் எந்தப் பக்கம்மா?”

ஒரு நொடி யோசித்தாள். என் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டி, “அந்தப் பக்கம்” என்றாள்.

எங்கள் வீட்டு வழக்கம்

ஏன் கடலைக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தொழுகைக்கு நாங்கள் நிற்க வேண்டியது மக்காவை நோக்கி. இங்கிருந்து அது மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு இதற்குத் திசைமானி தேவையில்லை. கோடு போட்ட நோட்டு மாதிரி தெருக்கள். எந்தத் தெருவில் நின்றாலும் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டும். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கிழக்கு மேற்கு சொல்லிக்கொடுத்தது கிடையாது. கடலுக்கு முதுகைக் காட்டி நில், அவ்வளவுதான். கல்யாணமாகி வாடகை வீடு வாடகை வீடாக மாறியபோதெல்லாம் புது வீட்டில் நான் கேட்ட முதல் கேள்வி தண்ணீர் வருமா என்பது, இரண்டாவது கடல் எந்தப் பக்கம் என்பது.

செல்போனில் பார்த்திருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். பிரான்சில் இருக்கிற என் மகளும் அதைத்தான் கேட்டாள். நான் விழுந்தபோது என் போன் மீன் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் விழுந்து போய்விட்டது. என் வீட்டுக்காரர் வைத்திருப்பது பட்டன் போன். அதில் நேரம் தெரிவதே பெரிய விஷயம்.

அந்த வார்டின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கைநீட்டுத் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். சூரியன் எந்தப் பக்கம் வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதே தெரியாது. ஸ்டிரெச்சரில் படுக்க வைத்து லிப்டில் ஏற்றி நாலு திருப்பம் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதில் எனக்குத் திசையெல்லாம் கலைந்துபோயிருந்தது.

கடல் தலைமாட்டில் இருக்கிறது என்று சிந்து சொன்னதும் மனசு குளிர்ந்துவிட்டது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாலே போதும், கடலுக்கு முதுகுதான். கட்டிலை நகர்த்தச் சொல்லி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. காலை உடைத்தாலும் கட்டிலைச் சரியாகப் போட்டுக் கொடுத்தானே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

தொழுகையில் கிடைக்கும் கத்தரிக்கோல்

அதுவரைக்கும் நான் எப்படித் தொழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொடரில் என்னைப் பற்றி நல்லதாக மட்டுமே எழுதுவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் என் தையல் கடை. பக்கத்தில்தான் வீடும். கல்யாண ஜாக்கெட்தான் முக்கிய வேலை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு மதாம் மட்டும் கவுன் தைக்க வருவார். அவர் என்னைப் பிரெஞ்சில் கூத்தூரியேர் என்று கூப்பிடுவார். மற்றவர்களுக்கு நான் டைலரக்கா.

தொழுகையை நான் விட்டவளில்லை. ஐந்து வேளையும் தொழுவேன். ஆனால் மெஷினிலிருந்து எழுந்து, தொழுதுவிட்டு, மெஷின் சூடு ஆறுவதற்குள் திரும்பிவிடுவேன். உதடு ஓதிக்கொண்டிருக்கும். மனசு மட்டும் இவளுக்குக் கழுத்து இறக்கமா, அவளுக்குக் கைக்கு லைனிங் வைத்தேனா என்று சுற்றிக்கொண்டிருக்கும்.

கடையில் எது காணாமல் போனாலும் எனக்குத் தொழுகையில்தான் கிடைக்கும். பெரிய கத்தரிக்கோல் ஒன்று, பித்தளைப் பிடி போட்டது, வாரத்துக்கு இரண்டு தடவை தொலையும். தேடித் தேடிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்த் தொழ நிற்பேன். ருகூவில் குனியும்போது, மெஷினுக்குக் கீழே பச்சைத் துணிக்குள் இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் நேராகப் போய் எடுப்பேன். என்னிடம் வேலை பழகிய பெண்களே சாமான் தொலைந்தால், “அக்கா, போய் ஒரு தொழுகை தொழுதுட்டு வாங்களேன்” என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

உள்ளுக்குள் அது உறுத்தாமல் இல்லை. ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. என்னைப் படைத்தவன் முன்னால் ஒரே ஒரு வேளையாவது முழுசாக நின்றிருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம்தான்.

ஒரு நாளைக்கு ஐந்து தடவை பார்வை நேரம்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் விடிவதற்கு முன்னால் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. வார்டில் எல்லாரும் தூக்கம். வலி எலும்புக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது. மணல் டப்பாவைத் திறந்து கையைத் தட்டி முகத்தைத் தடவிக்கொண்டேன். மணலில் கடல் வாசனை இருந்தது. சாய்ந்து உட்கார்ந்து, டிரிப் இல்லாத கையை உயர்த்தி, “அல்லாஹு அக்பர்” என்றேன்.

அதற்கப்புறம் மனசு போவதற்கு ஓர் இடமும் இல்லை. மெஷின் இல்லை, துணி இல்லை, யாருடைய கல்யாணமும் நாளைக்கு இல்லை. சின்ன வயதிலிருந்து ஓதி வந்த அதே வரிகள்தான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து நின்றது. ஒரு சொல்லைச் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போக மனசு வரவில்லை. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அறையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கண்ணை மூடியிருந்தாலும் தெரியுமே, அப்படி.

நான் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து, டூட்டியில் இருந்த பெண் ஊசியோடு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சாயங்காலம்தான் பார்வை நேரம். எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து தடவை. மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் சாயங்கால அஸருக்குக் காத்திருப்பேன், அஸர் முடிந்ததும் அந்தி மஃரிபுக்கு. கல்யாணமான புதிதில் வேலை விட்டு வருகிற மனுஷனின் சைக்கிள் சத்தத்துக்குக் காத்திருந்ததற்கப்புறம் நான் எதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. அவரிடமே இதைச் சொன்னேன். அவருக்கு வெட்கம் வந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரே குறை, சஜ்தா செய்ய முடியவில்லை. நெற்றியைத் தரையில் வைக்க வேண்டிய இடத்தில் தலையை மட்டும் தாழ்த்தினேன். தரை எட்டாத தூரத்தில் இருந்தது.

அப்படிப் பதினோரு நாள், ஐம்பத்தைந்து வேளை. என் வாழ்க்கையிலேயே நான் தொழுதது அந்த ஐம்பத்தைந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பச்சையம்மாவின் சந்தேகம்

பக்கத்துக் கட்டிலில் தவளக்குப்பத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வந்த பச்சையம்மா. மாடு தள்ளி முழங்கால் போனவர். வீட்டில் நிலம் இருக்கிறது, மகன் டவுனில் ஒரு கம்பெனியில் வேலை. நான் தொழும்போது யாராவது சத்தமாகப் பேசினால் அவர்தான் அதட்டுவார். சாப்பாட்டு வண்டி வந்தால் எனக்கும் சேர்த்து வாங்கி வைப்பார்.

நான் வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில், தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார்.

“பாயம்மா, உங்க சாமியும் கெழக்கதான் இருக்குதா? எங்கள மாரியே கெழக்க பாத்துதான் கும்புடுற.”

நான் சிரித்துக்கொண்டே இல்லை, மேற்கே என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

“மேற்கு உனக்குப் பின்னால இருக்குது. நம்ம தல மேற்க, காலு கெழக்க. வந்த அன்னைக்கே கேட்டுக்கினுதான் படுத்தேன். வடக்க தல வச்சிருந்தா எந்திரிச்சி வீட்டுக்குப் போயிருப்பேன்.”

கிராமத்துக்காரர் திசையில் தப்பு செய்யமாட்டார். இருந்தாலும் சிந்துவைக் கூப்பிட்டுக் கடல் எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்டேன். அதே சுவரைக் காட்டினாள். சாயங்கால டூட்டியில் வராந்தா ஜன்னலிலிருந்து பார்த்தால் சூரியன் அந்தப் பக்கம்தானே இறங்குகிறது என்றாள். சூரியனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“எங்க மாஹேல சூரியன் கடல்லதான அம்மா இறங்கும்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. கை வாய்க்குப் போனது.

மாஹேயும் எங்கள் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். அங்கேயும் பிரெஞ்சுக்காரன்தான் இருந்தான், இங்கே வேலை போட்டால் அங்கிருந்து வருவார்கள். ஆனால் அது கேரளப் பக்கத்து மறு கரை. அங்கே கடல் மேற்கே. பிறந்ததிலிருந்து மேற்கில் கடல் பார்த்தவளிடம் நான் கடலைக் கேட்டிருக்கிறேன். மேற்கு எது என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள். அவளை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். நான் அவளைச் சமாதானம் செய்தேன். என்னைச் சமாதானம் செய்ய ஆளில்லை. ஐம்பத்தைந்து வேளை மக்காவில் இருக்கிற காபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டோவில் வரும்போது என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். தினமும் வந்தீர்களே, நீங்களாவது பார்த்திருக்கக் கூடாதா என்று.

“நான் இமாம் முதுவப் பாத்துத் தொழுவுறவன். தெசைய அவரு பாத்துக்குவாரு” என்றார்.

ஹஜ்ரத் கேட்டது

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திருப்பித் தொழ வேண்டியிருக்குமே என்ற கவலை இல்லை. கை கால் இருக்கிறது, தொழுதுவிடலாம். என் பயம் வேறு. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் உணர்ந்தேனே, அது பொய்யா? எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு நானே எனக்குச் சொல்லிக்கொண்ட கதையா? வலிக்குப் போட்ட ஊசியின் வேலையா? வயதெல்லாம் போய்க் கடைசியில் ஒரு தடவை கிடைத்தது, அதுவும் இல்லை என்றால் எனக்கு என்ன மிச்சம்?

என் வீட்டுக்காரர் பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்தை அழைத்துக்கொண்டு வந்தார். என் மகளைவிடச் சின்ன வயது. நான் அறைக்குள் கட்டிலில், அவர் கூடத்தில் நாற்காலியில், நடுவில் திரை. எல்லாவற்றையும் சொன்னேன். மாஹே கதையைச் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கியது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

விசாரித்துத்தானே தொழுதீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பித்தானே தொழுதீர்கள் என்றார். ஆமாம். அப்படித் தொழுதது போதும் என்று சொல்கிற மார்க்க அறிஞர்களும் உண்டு, ஆனால் நாம் ஷாபி மத்ஹபு என்ற சட்ட வழிக்காரர்கள், தப்பு என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் திருப்பித் தொழுதுவிட வேண்டும், அல்லாஹ் தரும் கூலி ஒன்றும் வீணாகாது, சாவகாசமாகத் தொழுங்கள் என்றார்.

நான் மெதுவாக மற்றதையும் கேட்டேன். அந்தப் பதினோரு நாள் உண்மையா, இல்லையா?

அவர் சொன்னார்: “அத நான் எப்படிம்மா சொல்றது. தினம் அஞ்சு வேள முன்னால நின்னு தொழ வெக்கிறேன். நீங்க சொல்ற மாதிரி ஒரு வேள எனக்கு அமைஞ்சு ரொம்ப நாளாச்சு. எனக்காகவும் அல்லாகிட்ட துஆ கேளுங்க.”

அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பொத்தான் டப்பா

ஐம்பத்தைந்து பொத்தான்களை எண்ணி ஒரு டப்பாவில் போட்டேன். களா என்றால் திருப்பித் தொழுகிற தொழுகை; அதில் ஒன்று தொழுதால் ஒரு பொத்தானை அடுத்த டப்பாவுக்கு மாற்றுவது என்று ஏற்பாடு. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். மாவுக்கட்டு போய், கோலூன்றி நடந்து, கடையைத் திறந்தேன். விட்டுப்போன கல்யாணங்களெல்லாம் வரிசையில் நின்றன. அவசரமில்லை என்று ஹஜ்ரத் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாளுக்கு ஒன்று என்று பொத்தான்கள் நகர்ந்தன.

இந்தத் தடவை சரியான திசை. மகள் புது போனில் ஆப் போட்டு அனுப்பியிருந்தாள், முள் ஆடி அசைந்து மேற்கே போய் நின்றது. எல்லாம் சரி. ஆனால் கத்தரிக்கோல் திரும்பி வந்துவிட்டது. லைனிங் வந்துவிட்டது. ஒரு களாவில் காணாமல் போன இன்ச் டேப் கிடைத்தது. மற்றொன்றில் மூன்று கொக்கிப் பாக்கெட். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கொக்கியை மூன்று நாள் எடுக்காமலேயே விட்டேன்.

அப்படி ஒரே ஒரு பொத்தான் மிச்சமிருந்தபோது, ஒரு நாள் சாயங்காலம் சிந்து கடைக்கு வந்தாள். கையில் பட்டு ஜாக்கெட் துணி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாஹேயிலேயே நல்ல டைலர் இருப்பாரே என்றேன். நீங்கள்தான் தைக்க வேண்டும் என்றாள்.

அளவெடுத்தேன். துணியை விரித்தேன். வெட்டலாமென்றால் பித்தளைப் பிடிக் கத்தரிக்கோலைக் காணோம். மேஜையில் இல்லை, மெஷினுக்குக் கீழே இல்லை. அவளும் நானும் துணிக் குவியலையெல்லாம் புரட்டினோம். அதற்குள் அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். இரு, தொழுதுவிட்டு வருகிறேன், கிடைத்துவிடும் என்றேன். அவளுக்கு அந்தக் கதையெல்லாம் ஏற்கெனவே வார்டிலேயே சொல்லியிருந்தேன்.

கால் கட்டு பிரித்ததிலிருந்து டாக்டர் என்னை மண்டிபோட விட்டதில்லை. அந்த வாரம்தான் மடக்கிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். எனக்குப் பயம், தனியாகத் துணியவில்லை. நர்ஸ் கூட இருக்கும்போது என்ன என்று தோன்றியது. நாற்காலியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். பாயை விரிக்கிறதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன்.

“கடல் எந்தப் பக்கம்மா?”

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று வந்துகொண்டிருந்த பக்கம் கையை நீட்டினாள். நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன்.

அஸரை நாற்காலியிலேயே தொழுதேன். நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுக் கடைசிக் களாவுக்கு நின்றேன். ருகூ முடிந்தது. ஒரு கையால் நாற்காலியைப் பிடித்து மெதுவாக இறங்கினேன். கணுக்கால் முனகியது, ஆனால் மடங்கியது. எத்தனையோ மாதத்துக்கப்புறம் நெற்றி தரையில் பட்டது. வெயில் பட்ட தரை பாய்க்கு மேலேயும் சூடாக இருந்தது.

அங்கே யாரோ இருந்தார்கள். வார்டில் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆள். நான் திரும்பி வருகிற வரைக்கும் எழுந்து போகாமல் அங்கேயே இருந்த மாதிரி இருந்தது. நான் சொன்னேன், கேட்டார்கள். ஹஜ்ரத்துக்காகவும் துஆ கேட்டேன். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை.

சலாம் கொடுத்துத் திரும்பினேன். சிந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கமோ என்று பயந்துவிட்டதாகவும், தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள். கீழே இறங்கிப் போய்க் கடைசிப் பொத்தானை அடுத்த டப்பாவில் போட்டேன்.

“கத்தரிக்கோல் எங்க இருக்குனு தெரிஞ்சதா அம்மா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. நின்றதிலிருந்து எழுந்தது வரைக்கும் அந்தக் கத்தரிக்கோல் எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

தெரியவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, அவள் மறுபடியும் கேஸ் ஷீட்டைத் தேடுகிறவள் மாதிரி முழித்தாள்.

சிந்துவின் ஜாக்கெட்டை வேறொரு கத்தரிக்கோலில்தான் வெட்டினேன். பித்தளைப் பிடி போட்டது இன்று வரைக்கும் கிடைக்கவில்லை. நான் தேடவும் இல்லை.